பைல் போட முடியாத 39 நாள்: ஒரு வாய்க்கால் பாலத்தின் இழப்பீட்டுக் கோரிக்கை

காவிரி டெல்டாவின் கடைமடைப் பகுதியில் ஒரு பாசன வாய்க்கால் மீது கட்டப்பட்ட சிறிய பாலம் இது. ஒன்பது மாதம் தாமதமானது. தாமதத்துக்கு ஒப்பந்தக்காரரிடமே அபராதம் பிடிக்கப்பட்டது. அவர் முதலில் தயாரித்த க்ளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) 1.18 கோடி ரூபாய். கடைசியில் வேலை கொடுத்த அரசுத் துறையிடம் போனது 32 லட்சம், கைக்கு வந்தது 19.5 லட்சம். இடையில் என்ன நடந்தது என்பதை, சிறிய அளவில் அரசு வேலை எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்று பதிவு செய்கிறேன். ஒப்பந்தக்காரரின் அனுமதியோடு எழுதுகிறேன். ஊர், துறை, பெயர் எதுவும் இதில் இல்லை. தொகைகள் தோராயமாக்கப்பட்டவை.

பின்னணி

வேலை உத்தரவு 2021 நவம்பரில் வந்தது. ஒப்பந்தக் காலம் 12 மாதம். இரண்டு கரையிலும் அபட்மென்ட் (பாலத்தின் முனையைத் தாங்கும் சுவர்), நடுவில் இரண்டு பியர் (தூண்), எல்லாமே பைல் அஸ்திவாரம், அதாவது நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்கள்.

டெல்டாவில் வாய்க்காலுக்குள் வேலை செய்கிற எல்லாருக்கும் இரண்டு தேதி மனப்பாடம். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும், ஜனவரி 28 அன்று மூடும். மூடிய பிறகு வாய்க்கால் வடிந்து காய்வதிலிருந்து, மறுபடி திறந்த தண்ணீர் வந்து சேரும்வரை கிடைக்கும் நாலரை மாதம்தான் அஸ்திவார வேலைக்கான காலம். அதற்குள் தூண்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் போதும். அப்புறம் தூணுக்குத் தூண் இரும்பு கர்டர் போட்டு, அதன் மேல் சாரம் கட்டி மேல்தளத்தை வார்த்துவிடலாம். வராவிட்டால் அடுத்த பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் பகுதியில் ஒரு மாதத் தாமதம் எட்டு மாதமாக மாறுவது இப்படித்தான். இதை அறியாமல் இந்த க்ளெய்மைப் படிக்க முடியாது.

ஒப்பந்தக்காரர் கொடுத்த வேலைத் திட்டமும் இந்தக் கணக்கின்படியே இருந்தது. பைலுக்குத் துளையிட ஒரே ஒரு ரிக் இயந்திரம். பிப்ரவரி 1 முதல் மார்ச் 3 வரை அக்கரைப் பகுதி பைல்கள். மார்ச் 4 முதல் ஏப்ரல் 5 வரை இக்கரைப் பகுதி பைல்கள். பைல் கேப் (பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் மேடை), பியர் எல்லாம் மே 12-க்குள் முடியும். துறை அந்தத் திட்டத்தில் முத்திரை வைத்து ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்திருந்தது. பின்னால் அந்த ஒற்றைத் தாள்தான் மிகப் பெரிய ஆதாரமாக நின்றது.

களத்தில் நடந்தது

இக்கரையில், அபட்மென்டுக்கும் அதையடுத்த பியருக்கும் நேர்மேலே ஓர் உயரழுத்த மின்கம்பி போனது. பைலுக்குக் கம்பிக் கூண்டு இறக்க ஹைட்ரா கிரேன் கை நீட்ட வேண்டும். மின்னோட்டம் உள்ள கம்பிக்குக் கீழே அதைச் செய்ய முடியாது. கம்பியை இடம் மாற்றப் பணம் கட்டி ஏற்பாடு செய்வது துறையின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஜனவரி 31-க்குள் மாற்றியிருக்க வேண்டியது, ஏப்ரல் 11 அன்றுதான் மாறியது.

பிப்ரவரி 5 அன்று ஒப்பந்தக்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். "மின்கம்பியை விரைவில் அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வரிதான் அதில். அகற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. துறையிலிருந்து மார்ச் 9, மார்ச் 23 ஆகிய தேதிகளில் இரண்டு பதில்கள் வந்தன. இரண்டிலும் "ஒரு வாரத்தில் அகற்றப்படும், வேலையைத் தொடரத் தயார் நிலையில் இருக்கவும்" என்று இருந்தது.

ஏப்ரல் 12 அன்று இக்கரை பைல் தொடங்கி மே 14 அன்று முடிந்தது. திட்டமிட்ட 33 நாளிலேயே முடித்தார்கள். ரிங் பண்ட் (வேலையிடத்தைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் தற்காலிகக் கரை) கட்டி, தண்ணீர் இறைத்து, பைல் கேப்புக்குத் தோண்டிக்கொண்டிருந்தபோது, 2022 மே 24 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. வழக்கமான தேதிக்கு 19 நாள் முன்னதாக. விவசாயிகளுக்கு அது நல்ல செய்தி, அந்த ஆண்டு குறுவைக்குப் பெரிய உதவி. பாலத்துக்கு அப்படியில்லை. ஜூன் 3 அன்று தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது. மறுநாள் மணல்மூட்டையும் சவுக்குக் கட்டையுமாகக் கட்டிய ரிங் பண்ட் உடைந்தது.

2023 பிப்ரவரி நடுவில் வாய்க்கால் காய்ந்ததும் மறுபடி பண்ட் கட்டி, மிச்ச அஸ்திவாரத்தை முடித்து, பாலத்தை ஆகஸ்டில் ஒப்படைத்தார்கள். இடையில் இரண்டு கால நீட்டிப்புகள். முதலாவது 2022 நவம்பரிலிருந்து 2023 மே வரை. இரண்டாவது ஆகஸ்ட் வரை. முதல் நீட்டிப்பின்போது துறையின் அச்சடித்த படிவத்தில் ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் கடைசி வரி: "இக்கால நீட்டிப்பின் பொருட்டு எவ்வித இழப்பீடும் கோரமாட்டேன் என உறுதியளிக்கிறேன்." அதே நவம்பரிலிருந்து பார்ட் பில்களில் (முடிந்த பகுதிக்கு அவ்வப்போது போடும் பில்) தாமத அபராதமும் பிடிக்கத் தொடங்கினார்கள். மொத்தம் ஒன்பது லட்சம்.

முதல் வரைவு

2023 ஏப்ரலில் ஒப்பந்தக்காரர் என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். அவருடைய கணக்காளர் தயாரித்தது. இந்தப் பாலத்துக்கு ஆன மொத்தச் செலவு, இனி ஆகப்போகும் செலவு, துறையிடமிருந்து வந்தது, வரவேண்டியது. மீதி நஷ்டம் 1.18 கோடி. "எல்லாச் செலவுக்கும் பில் இருக்கு சார், ஒண்ணு விடாம வெச்சிருக்கோம்" என்றார். உண்மைதான், பில்களில் குறையே இல்லை.

ஆனால் அந்த 1.18 கோடியில் துறையால் வந்தது எவ்வளவு, டெண்டரில் குறைத்துப் போட்டதால் வந்தது எவ்வளவு, கான்கிரீட் வீணானதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-வது பிரிவு, ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாக விளைந்த இழப்புக்குத்தான் ஈடு தருகிறது. இந்தச் செயல், அதனால் இந்த விளைவு, அதனால் இந்தச் செலவு என்ற சங்கிலி ஒவ்வொரு தலைப்புக்கும் வேண்டும். மொத்தச் செலவிலிருந்து வரவைக் கழித்துக் காட்டும் க்ளெய்மை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் முடித்துவிடும்: "உங்கள் விலை சரியாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?"

இன்னொரு விஷயம், பண அளவை விட முக்கியமானது. ஊதிப் பெருத்த தொகையைப் பார்த்ததும் அதிகாரி அந்தக் கோப்பை ஒரு பேரமாகப் பார்க்கத் தொடங்குகிறார். உண்மையான இழப்பும் அந்தப் பேரத்தில் சேர்ந்து அடிபடுகிறது. பல நியாயமான க்ளெய்ம்கள் இப்படி வீணாவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, தேதியிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தோம்.

டைரி சொன்னது

சூப்பர்வைசர் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் தினமும் எழுதி வந்திருக்கிறார். சிமென்ட் கறை படிந்து, பல பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மார்ச் 4 பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "அக்கரை நேத்து முடிஞ்சது. ரிக் இக்கரை வந்தாச்சு. லைன் எடுக்கல. ரிக் நிக்குது. ஆள் 9." அடுத்தடுத்த பக்கங்களில் "ரிக் நிக்குது" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஏப்ரல் 11 வரை. சில நாள்களில் உதவிப் பொறியாளர் வந்துபோன நேரமும், அவர் சொன்னதும் உள்ளன.

முதல் வரைவில் ரிக் 70 நாள் சும்மா நின்றதாகப் போட்டிருந்தார்கள். மின்கம்பி தாமதம் 70 நாள் என்பது சரி. ஆனால் அதில் முதல் 31 நாளும் ரிக் அக்கரையில் வேலை செய்திருக்கிறது. திட்டப்படியே இக்கரை தேவைப்பட்டது மார்ச் 4 முதல்தான். ஆகவே வேலையை உண்மையில் நிறுத்தியது 39 நாள். ஒப்பந்தக்காரருக்கு இது ஏற்கக் கடினமாக இருந்தது. "அவங்க 70 நாள் லேட்டு பண்ணினதுக்கு நான் ஏன் சார் குறைக்கணும்?" என்றார். டைரியை ஆதாரமாக வைத்தால் அதில் உள்ள 31 நாளையும் சேர்த்துத்தான் வைக்க முடியும் என்று சொன்னேன். சூப்பர்வைசரும், "அண்ணே, பிப்ரவரி பூரா நாமதான் அக்கரையில பைல் போட்டோம், எம்-புக்லயே இருக்கு" என்றார். (எம்-புக் என்பது முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்.) அதோடு 70 என்ற எண் போனது.

பெரிய கேள்வி: மின்கம்பியா, அணைத் திறப்பா?

39 நாள் ரிக் நின்றதற்கான வாடகை சின்னத் தொகைதான். க்ளெய்மின் எடை முழுவதும் அந்த 39 நாள் எப்படி ஒன்பது மாதமாக ஆனது என்பதில்தான் இருந்தது.

துறையின் வாதம் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிப் பார்த்தோம். மே 12-இல் முடிய வேண்டியது 39 நாள் தள்ளிப்போனால் ஜூன் 20. அணை வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறந்திருந்தால், அந்த ஆண்டு எடுத்த அதே நாள்களைக் கூட்டினால், தண்ணீர் இங்கே வர ஜூன் 22 ஆகியிருக்கும். அதாவது மின்கம்பித் தாமதத்தோடும் வேலை தப்பித்திருக்கும். கெடுத்தது முன்கூட்டிய திறப்பு; அது துறையின் தவறல்ல; வாய்க்காலில் தண்ணீர் வருவதால் ஏற்படும் இழப்புக்கு ஈடு கிடையாது என்று ஒப்பந்தத்திலும் ஒரு விதி இருக்கிறது. பலமான வாதம். இதைக் கண்டும் காணாமல் விட்டு க்ளெய்ம் எழுதினால் முதல் கூட்டத்திலேயே தோற்றிருப்போம்.

எங்கள் பதில் இப்படி அமைந்தது. மார்ச் 4 அன்று மின்கம்பி இல்லாமலிருந்தால் வேலை மே 12-இல் முடிந்திருக்கும். முன்கூட்டித் திறந்த தண்ணீர்கூட ஜூன் 3 அன்றுதான் வந்தது. இடையில் மூன்று வாரம். எனவே அணை முன்னதாகத் திறந்தும்கூட அந்த ஆண்டு வந்த தண்ணீர் இந்தப் பாலத்தின் வேலையைத் தொட்டிருக்காது. தண்ணீர் வரும் ஆபத்தை ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொண்டது, திட்டமிட்ட காலத்தில் வேலை செய்ய இடம் கிடைக்கும் என்ற நிலையில். இடத்தைத் தராமல் அவரை ஜூன் மாதத்துக்குள் தள்ளியது துறை. மே 12 என்ற தேதி வெறும் தாள் கணக்கு என்று சொல்ல முடியாதபடி, இக்கரை பைல் திட்டமிட்ட அதே 33 நாளில் முடிந்ததையும், அக்கரையில் பைல் கேப்புகள் திட்டத்தைவிடத் தாமதமாகாததையும் எம்-புக் தேதிகளோடு காட்டினோம்.

ஜூன் 3 என்ற தேதிக்கும் வெளியிலிருந்து ஆதாரம் தேவைப்பட்டது. வாய்க்கால் தலைப்பு மதகில் லஸ்கர் (மதகைக் கவனிக்கும் ஊழியர்) எழுதும் அளவுப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். டைரியும் அதுவும் ஒன்றாக இருந்தன.

எதை விட்டோம், ஏன்

ஸ்டீல் விலை உயர்வுக்கு முதல் வரைவில் ஒரு பெரிய தொகை இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கம்பி விலை ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்த மே மாதம் ஒன்றிய அரசு ஏற்றுமதி வரி போட்டதும் விலை இறங்கியது. மேல்தளத்துக்கான கம்பியை இவர் 2023-இல் வாங்கினார். இன்வாய்ஸ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், 2022 ஏப்ரலில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் விலையைவிடக் குறைவு. தாமதத்தால் இந்தத் தலைப்பில் அவருக்கு நஷ்டமே இல்லை. முழுவதையும் நீக்கினோம்.

லாப இழப்பையும் எடுத்துவிட்டோம். அந்த ஒன்பது மாதத்தில் வேறு வேலை கைவிட்டுப் போனதற்கு எந்தத் தாளும் இல்லை. அவரே அந்தக் காலத்தில் இன்னொரு வேலை எடுத்து முடித்திருக்கிறார். அலுவலக மேற்செலவுக்குக் கணக்காளர் ஹட்ஸன் ஃபார்முலா போட்டிருந்தார். அந்த ஃபார்முலா நம் நாட்டில் தெரியாத ஒன்றல்ல. 2006-இல் மெக்டெர்மாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஹட்ஸன், எம்டன், ஐக்லே என்ற மூன்று ஃபார்முலாக்களையும் பேசியிருக்கிறது. ஆனால் டெண்டரில் போட்ட சதவீதத்தை மாதக் கணக்கில் பெருக்குவது மட்டும் போதாது. அந்த மேற்செலவை வேறு இடத்தில் ஈட்டும் வாய்ப்பு பறிபோனது என்றும் காட்ட வேண்டும். இங்கே காட்ட முடியாது. அதனால் நீட்டித்த ஒன்பது மாதத்தில் களத்தில் உண்மையில் ஆன செலவு மட்டும்: வாட்ச்மேன் சம்பளம், யார்டு வாடகை, சைட் இன்ஜினியர் இருந்த மாதங்களின் சம்பளம், மிக்ஸர் வாடகை.

ரிக் நின்றதற்கு வேலை நாள் வாடகை கேட்கவில்லை. சப்-கான்ட்ராக்டருக்குக் கொடுத்த காத்திருப்புக் கட்டணமும் ஒன்பது ஆளின் கூலியும் மட்டும். நிற்கிற இயந்திரத்துக்கு டீசல் கேட்டால் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இறுதி வடிவம்: அபராதம் திருப்பித் தருதல் 9 லட்சம், ரிக்கும் ஆளும் நின்றது 4.2 லட்சம், இரண்டாவது ரிங் பண்டும் நீர் இறைப்பும் 7.5 லட்சம், நீட்டித்த காலக் களச் செலவு 11.3 லட்சம். கூட்டினால் 32 லட்சம்.

கையெழுத்துப் போட்ட உறுதிமொழி

முதல் நீட்டிப்பில் கொடுத்த உறுதிமொழிதான் இந்தக் கோப்பின் பலவீனம். ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவும் இதே திசையில்தான் போகிறது: உரிய நேரத்தில் நடக்காததைப் பின்னால் ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது.

தப்பிக்க வழியே இல்லை என்பதல்ல. கட்டாயத்தின் பேரில் வாங்கிய 'க்ளெய்ம் இல்லை' சான்று கட்டுப்படுத்தாது என்று 2008-இல் போகரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனால் கட்டாயம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். இங்கே உறுதிமொழி கொடுத்த நான்காம் நாள், நிலுவையிலிருந்த பார்ட் பில் பாஸாகியிருக்கிறது. தேதிகள் பேசுகின்றன, ஆனால் அன்றைக்கு ஒரு வரி எதிர்ப்பும் எழுத்தில் இல்லை. அதனால் களச் செலவை இரண்டாகப் பிரித்தோம். முதல் ஆறு மாதத்துக்கு 8.1 லட்சம், கடைசி மூன்று மாதத்துக்கு 3.2 லட்சம். முதல் பகுதி விழுந்தாலும் இரண்டாவதை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் காரணம்.

2023 மே மாதம் இரண்டாவது நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது அதே படிவம் வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் நீட்டிப்பு நின்றுவிடும் என்று ஒப்பந்தக்காரர் பயந்தார். பயம் நியாயமானது, அந்தக் கடைசி வாரங்களில் மேல்தள வேலை ஓடிக்கொண்டிருந்தது. படிவத்தின் அந்த வரியை அடித்து ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, கூடவே தனிக் கடிதம் ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினார். காலம் மட்டும் கேட்கிறோம், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அதன் சாரம். நீட்டிப்பு வந்தது. யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அக்டோபரில் இறுதி பில். எம்-புக்கில் "அளவுகளை ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "முழுத் திருப்தியுடன்" என்ற வழக்கமான சொற்களைச் சேர்க்கச் சொன்னபோது, அளவுகளுக்கு மட்டும் ஒப்புதல், மற்றவை தனிக் கடிதத்தில் என்று பணிவாகச் சொல்லி, அன்றைய தேதியிலேயே அந்தக் கடிதத்தையும் கொடுத்தார்.

சமர்ப்பித்த பிறகு

2024 ஜனவரியில் கோப்பு போனது. முதல் இரண்டு பக்கத்தில் நடந்ததன் சுருக்கம். அடுத்து தேதி வரிசை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண். பிறகு நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒப்பந்த விதி, நடந்தது, விளைவு, கணக்கு, ஆதாரம் என்ற வரிசை. டைரியின் 39 பக்கங்களுக்கும் நகல் வைத்து, தொடர்புடைய வரியை ஓரத்தில் கோடிட்டிருந்தோம். உதவிப் பொறியாளருக்கு அந்த நாள்களில் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களையும் தேதியோடு அச்சிட்டு வைத்தோம். நீதிமன்றம் போக நேர்ந்தால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் அந்த போனை விற்காமல் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஜூன்வரை கோப்பு நகரவில்லை. பிறகு கண்காணிப்புப் பொறியாளர் அளவில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் நாங்கள் எதிர்பார்த்தபடியே ஜூன் 20, ஜூன் 22 கணக்கு மேசைக்கு வந்தது. கோப்பிலேயே பதில் இருந்ததால் பேச்சு அதில் நிற்காமல் அடுத்ததற்குப் போனது. இரண்டாவது கூட்டத்தில் ஒரு கடினமான கேள்வி: 39 நாள் ரிக்கை ஏன் வேறு இடத்துக்கு அனுப்பவில்லை? இழப்பைக் குறைக்க முயல வேண்டியதை 73-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது, அதனால் கேள்வி நியாயமானது. "ஒரு வாரத்தில் அகற்றப்படும், தயார் நிலையில் இருக்கவும்" என்ற துறையின் இரண்டு கடிதங்களும்தான் பதில்.

நவம்பரில் ஆணை வந்தது. அபராதம் 9 லட்சம் முழுதும் திரும்பக் கிடைத்தது. ரிக்குக்கு 3.1 லட்சம், மார்ச் 9 அன்று முதல் கடிதம் வருவதற்கு முந்தைய நாள்களையும் சில ஆள் கூலியையும் குறைத்துவிட்டார்கள். இரண்டாவது பண்டுக்கு 5 லட்சம். நீர் இறைப்பு ஒப்பந்த விலையில் அடக்கம் என்று அந்தப் பகுதியை மறுத்தார்கள். களச் செலவில் முதல் ஆறு மாதம் உறுதிமொழியைக் காட்டி முழுவதும் நிராகரிக்கப்பட்டது. கடைசி மூன்று மாதத்துக்கு 2.4 லட்சம். மொத்தம் 19.5 லட்சம், 2025 மார்ச்சில் கைக்கு வந்தது. நீர் இறைப்பை மறுத்தது சரியல்ல என்பது என் கருத்து. ஒரு முறை இறைப்பதற்கான விலையில் இரண்டாம் முறையும் அடக்கம் என்பது எந்த விதியிலும் இல்லை.

மீதிக்கு நீதிமன்றம் போகலாமா என்று பேசினோம். இந்த ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு இடமில்லை, உரிமையியல் வழக்குதான். மிச்சத் தொகையில் பெரும்பகுதி உறுதிமொழியில் மாட்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்றார். அவருடைய முடிவு அது. நான் மாற்ற முயலவில்லை.

இனி மாறுவது

பிப்ரவரி 5 கடிதம் ஒரு வரியில் நிற்காமல் இப்படி இருந்திருக்க வேண்டும்: மார்ச் 4 முதல் இக்கரை எங்களுக்குத் தேவை, அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அஸ்திவாரத்தைத் தண்ணீர்க் காலத்துக்குள் தள்ளும், தள்ளினால் அடுத்த பிப்ரவரிவரை வேலை நிற்கும், காலமும் செலவும் கோருவோம். இந்த நான்கு செய்தி இருந்திருந்தால் ரிக் கட்டணத்தில் வெட்டு விழுந்திருக்காது. துறைக்கும் மின்கம்பி மாற்றுவதற்கான டெபாசிட்டை அவசரமாகக் கட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அப்போது பாலமே ஒன்பது மாதம் முன்னால் ஊருக்குக் கிடைத்திருக்கலாம்.

வேலை தடைபட்ட நாளையும் காரணத்தையும் குறிக்கும் இடையூறு பதிவேட்டை இப்போது அவர் எல்லா வேலையிலும் தொடங்கியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை உதவிப் பொறியாளரின் கையெழுத்து. அவர் போட மறுத்தால், அந்தப் பக்கத்தின் நகல் மின்னஞ்சலில் போகும். ரிக் லாக் ஷீட்டில் "நின்றது" என்று மட்டும் எழுதாமல், எந்த பைலுக்காக, எதனால் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறோம். கால நீட்டிப்புப் படிவம் எந்தத் துறையிலிருந்து வந்தாலும் கையெழுத்துக்கு முன் என்னிடமோ வழக்கறிஞரிடமோ காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் இன்னொரு வாய்க்கால் பாலத்துக்கு டெண்டர் போட்டார். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் ஒரு கேள்வி கொடுத்தார்: அணை வழக்கமான தேதிக்கு முன்னால் திறந்தால் காலமும் செலவும் யாருடையது? காலம் தரப்படும், செலவு தரப்படாது என்று பதில் வந்தது. அந்தச் செலவைத் தன் விலையில் சேர்த்துப் போட்டிருக்கிறார்.